11 கிளை, 96 கம்ப்யூட்டர்: அப்டேட்டுக்கு ஓர் ஒழுங்கு வைப்பது எப்படி

ஜூன் மாதம், திங்கட்கிழமை, காலை 9.40. களக்காடு கிளையிலிருந்து போன். "அண்ணாச்சி, ரெண்டு கவுண்டர்லயும் அப்டேட்னு வந்து நிக்குது. 27 சதவீதம்னு காட்டுது. அணைக்காதீங்கன்னு போட்டிருக்கு. வெளிய பதினஞ்சு பேரு உக்காந்திருக்காங்க."

நான் வேலை பார்ப்பது ஒரு நகைக்கடன் நிறுவனத்தில். கார் பருவ நெல் நடவு தொடங்கும் நேரம் எங்களுக்குக் கூட்டம் அதிகம். உரம், டிராக்டர் வாடகை, நடவுக் கூலி, அதோடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் ஜூனில் சேர்ந்து வரும். அன்று ஒரு பெரியவர் பதினொன்றரை வரை பார்த்துவிட்டு, "இந்த பஸ்ஸ விட்டா எனக்கு அடுத்தது ரெண்டு மணிக்குத்தான் தம்பி" என்று, முந்தியில் முடிந்த நகையோடு வந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். கிளை மேலாளர் அதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்டேட் வந்தது தவறில்லை. எப்போது வரவேண்டும் என்று நாங்கள் அதற்குச் சொல்லி வைக்காததுதான் தவறு. அதன் பிறகு ஏழெட்டு மாதம் உட்கார்ந்து ஒரு முறையை ஏற்படுத்தினோம். பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகம்; அம்பை, வீரவநல்லூர், களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர், ஆலங்குளம், சங்கரன்கோவில் உட்பட 11 கிளை; 96 கம்ப்யூட்டர், 4 சர்வர். பார்த்துக்கொள்ள நானும் இன்னொரு தம்பியும் மட்டும். இதே அளவில் ஓர் அலுவலகத்தை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணுங்கள்

எந்த மென்பொருளை நிறுவுவது என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிளைக்கும் நேரில் போங்கள். போனில் கேட்டால் "எட்டு இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். போய்ப் பார்த்தால் பத்து இருக்கும். வீரவநல்லூரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய எடைத் தராசின் மென்பொருள் அதில் மட்டும்தான் வேலை செய்யும் என்று யாரோ எப்போதோ வைத்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அது எங்கள் நெட்வொர்க்கில் இருந்ததே எனக்குத் தெரியாது. தராசை மாற்றும் வரைக்கும் அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, தனியாக ஓட விட்டோம்.

நோட்டில் ஒவ்வொன்றுக்கும் இதையெல்லாம் எழுதினேன்: கிளை, யார் பயன்படுத்துகிறார், விண்டோஸின் எந்தப் பதிப்பு, சி டிரைவில் எவ்வளவு காலி இடம், பின்னால் என்னென்ன சொருகியிருக்கிறது. கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்த வேண்டாம். எங்கள் கவுண்டரில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கைரேகைக் கருவி, வெப்கேமரா, தராசு என்று நான்கு இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு சண்டித்தனம் செய்வது பெரும்பாலும் இவைதான். 2021 மார்ச் மாத அப்டேட் வந்தபோது சில நிறுவனங்களின் பிரிண்டர்களில் அச்சுக்குக் கொடுத்ததுமே கம்ப்யூட்டர் நீலத்திரைக்குப் போனது உலகம் முழுவதும் நடந்தது. பிரிண்டர் இல்லாத கம்ப்யூட்டரில் சோதித்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

காலி இடம் 20 ஜி.பி.க்குக் குறைந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். 128 ஜி.பி. டிஸ்க்கில் வாடிக்கையாளர் புகைப்படங்களை நிரப்பி வைத்திருப்பார்கள். அப்டேட் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப முயன்று தோற்கும். காரணம் புரியாமல் நாள் கணக்கில் தேட வேண்டிவரும்.

விண்டோஸ் 10 வைத்திருந்தால் அதையும் தனியாகக் குறியுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். முதல் ஆண்டு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பாகும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு மூன்று ஆண்டு பணம் கட்டுவதை விடப் புதிதாக வாங்கிவிடலாம் என்று முதலாளியிடம் கணக்கோடு போனேன். நோட்டு கையில் இருந்ததால் அவரும் மறுத்துப் பேசவில்லை.

எதைக் கொண்டு செய்வது

நாங்கள் வைத்திருப்பது மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.; பேச்சில் டபிள்யூசஸ். விண்டோஸ் சர்வரோடு கூடவே வருவது, தனியாகக் காசு இல்லை. அப்டேட்டை ஒருமுறை தலைமை அலுவலகத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, நாம் அனுமதித்ததை மட்டும் கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இதில் இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. ஆனால் விண்டோஸ் சர்வர் 2025-லும் இருக்கிறது, ஆதரவும் இருக்கிறது. இணையம் வழியாகவே கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் உரிமம் உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே செய்யுங்கள். எங்கள் மாதிரி மெல்லிய இணைப்பு உள்ள கிளைகளுக்கு எது எப்போது இறங்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யும் இந்த முறைதான் சரி என்பது என் முடிவு.

அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாத அப்டேட் 600 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளையில் 8 கம்ப்யூட்டர் தனித்தனியாக இறக்கினால் 4,800 எம்.பி. அங்கே இணைப்பு 4 எம்.பி.பி.எஸ்., அதாவது வினாடிக்கு அரை எம்.பி. மொத்தம் 9,600 வினாடி. 2 மணி 40 நிமிடம். அந்த நேரம் முழுக்க கவுண்டரில் வட்டிக் கணக்குத் திரையே திறக்காது. களக்காட்டில் அன்று நடந்ததில் பாதி இதுதான்.

சர்வர் அமைக்கும்போது

16 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு சர்வர், அப்டேட்களுக்கென்று 500 ஜி.பி. தனி டிஸ்க், எங்களுக்கு இது தாராளம். நூறு கம்ப்யூட்டருக்குக் கூடவே வரும் உள்தரவுத்தளம் போதும், தனி எஸ்.க்யூ.எல். சர்வர் வேண்டாம். சர்வரை மாடியில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கொக்கிரகுளத்துக்குள்ளும் நெல்லை ஜங்ஷனுக்குள்ளும் வெள்ளமாக வந்ததைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நிறுவும்போது வரும் கேள்விகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எந்தெந்தப் பொருட்கள் என்று கேட்கும் பட்டியலில் உங்களிடம் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் நோட்டு முதலில் உதவும். வகைகளில் முக்கிய அப்டேட், பாதுகாப்பு அப்டேட், டிஃபெண்டர் வரையறைகள் (விண்டோஸின் ஆண்டிவைரஸுக்கான வைரஸ் பட்டியல்), அப்டேட் ரோலப் (பல திருத்தங்களைச் சேர்த்த தொகுப்பு) இருந்தால் போதும். கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருட்களைத் தொடவே வேண்டாம். அதில் டிக் வைத்தால் பட்டியல் ஊதிப் பெருத்து, கன்சோல் (டபிள்யூசஸை நாம் இயக்கும் திரை) நகர மறுக்கும். மொழி ஆங்கிலம் மட்டும். அனுமதித்த பிறகுதான் கோப்பை இறக்கு என்ற டிக் கண்டிப்பாக இருக்கட்டும். மைக்ரோசாஃப்டிடமிருந்து அப்டேட் பட்டியலை எடுக்கும் முதல் ஒத்திசைவு பல மணி நேரம் பிடிக்கும். மாலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அடுத்து, டபிள்யூசஸ் ஓடுவது விண்டோஸ் சர்வரின் வெப் சர்வரான ஐ.ஐ.எஸ். மேல்; அதன் மேலாளர் திரையில் டபிள்யூசஸ்பூல் என்று ஒன்று இருக்கும். அதன் நினைவக வரம்பு இயல்பாக 1.8 ஜி.பி. அளவில் இருக்கும். அதை 4 ஜி.பி.க்கோ அதற்கு மேலோ உயர்த்துங்கள், வரிசை நீளத்தை 1,000-லிருந்து 2,000 ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கன்சோல் அடிக்கடி இணைப்பு அறுந்து, "ரீசெட் சர்வர் நோட்" என்ற பொத்தானைக் காட்டிக்கொண்டே இருக்கும். நான் முதல் மாதம் அதைப் பார்த்துச் சர்வரையே மாற்ற நினைத்தேன்.

டபிள்யூசஸ் பேசும் வாசல்களான 8530, 8531 ஆகிய போர்ட்டுகளை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. 2025 அக்டோபரில் டபிள்யூசஸிலேயே மிக மோசமான ஓர் ஓட்டை தெரியவந்து, அக்டோபர் 23 அன்று அவசரத் திருத்தம் வந்தது. கிளைகள் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் வரட்டும். எல்லாருக்கும் அப்டேட் கொடுக்கும் சர்வருக்கும் அப்டேட் போட மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டர்களுக்கு இந்தச் சர்வரை அடையாளம் காட்டுவது குரூப் பாலிசியில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஓரிடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் விண்டோஸ் வசதியில். சர்வர் முகவரியைக் கொடுக்கும்போது பின்னால் 8530 என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கிளையண்ட் சைட் டார்கெட்டிங் என்பதை இயக்கினால் எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் குழு என்று தானாகப் பிரிந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: டபிள்யூசஸ் முகவரி கொடுத்த அதே கம்ப்யூட்டருக்கு "இத்தனை நாள் தள்ளிப்போடு" என்ற விண்டோஸ் அப்டேட் பாலிசியையும் சேர்த்து வைக்காதீர்கள். விண்டோஸ் 10-இல் அப்படி இரண்டும் சேர்ந்தால் நம்மைத் தாண்டி நேராக மைக்ரோசாஃப்டிடம் போய் இறக்க ஆரம்பிக்கும். நாம் அனுமதிக்காத அப்டேட் எப்படி வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

குளோன் செய்த கம்ப்யூட்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வள்ளியூரில் 9 கம்ப்யூட்டர் இருக்க, கன்சோலில் ஒன்று மட்டும் தெரிந்தது. அதன் பெயரும் மணிக்கு ஒருமுறை மாறியது. ஒரே டிஸ்க்கிலிருந்து நகலெடுத்து ஒன்பதையும் தயாரித்திருந்தோம், அதனால் ஒன்பதுக்கும் ஒரே அடையாள எண். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், விண்டோஸ் அப்டேட் பகுதியில் சஸ்கிளையண்ட்ஐடி என்ற வரி இருக்கும். அப்டேட் சேவையை நிறுத்தி, அந்த வரியை அழித்து, சேவையைத் திரும்ப ஓடவிட்டுச் சோதிக்கச் சொன்னால் புது எண் எடுத்துக்கொள்ளும். 9 கம்ப்யூட்டரும் வரிசையாகக் கன்சோலில் வந்து நின்றபோதுதான் எனக்கு நிம்மதி.

கிளைக்குள் ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ள டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி விண்டோஸிலேயே உண்டு. அதன் நிலையை 1 என்று வையுங்கள்; ஒரே நெட்வொர்க்குக்குள் பகிரும். கூடவே காலை 9 முதல் மாலை 6 வரை இறக்கும் வேகத்துக்கு வரம்பு வையுங்கள். அதோடு 2 மணி 40 நிமிடப் பிரச்சினை போய்விட்டது.

யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்

மைக்ரோசாஃப்டின் மாத அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். நமக்கு அது இரவு 10.30 அல்லது 11.30, அமெரிக்காவின் கோடை நேரக் கணக்கைப் பொறுத்து மாறும். ஆக, நம் கையில் கிடைப்பது புதன் காலை.

புதன் காலை முதல் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறேன். அதில் 6 கம்ப்யூட்டர்: என்னுடையது, கணக்குப் பிரிவில் ஒன்று, பாளையங்கோட்டைக் கிளையில் எல்லாக் கருவியும் சொருகிய ஒரு கவுண்டர், வெளியூரில் மூன்று. இந்தக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது குறை சொல்லத் தயங்காதவராகப் பாருங்கள். "பரவாயில்லை, நாமே சமாளிச்சுக்கலாம்" என்று இருப்பவர் நல்ல மனிதர், ஆனால் சோதனைக்கு உதவ மாட்டார். எங்கள் அம்பைக் கிளையில் ஓர் அக்கா இருக்கிறார். ரசீதில் ஓர் எழுத்து அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போன் அடித்துவிடுவார். அவர் கம்ப்யூட்டர் எப்போதும் முதல் குழுவில். வியாழன் காலை அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து வேலை செய்து பார்க்க வேண்டும்: ஓர் அடகு ரசீது அச்சிடுவது, கைரேகை எடுப்பது, புகைப்படம் எடுப்பது, தராசிலிருந்து எடை வருகிறதா என்பது, நாள் முடிவுக் கணக்கை ஓட்டுவது.

திங்கள் வரை புகார் இல்லையென்றால் இரண்டாவது குழு, அதாவது தலைமை அலுவலகமும் நான்கு கிளைகளும், அந்த வாரம் வியாழன் மாலை. மீதி ஏழு கிளை அடுத்த செவ்வாய் மாலை. சர்வர்கள் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்து அதைத் திறந்தும் பார்த்த பிறகு. ஆக, பத்தொன்பது இருபது நாளில் எல்லாம் முடிகிறது.

இவ்வளவு மெதுவாகப் போகலாமா என்று கேட்பீர்கள். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் தாக்கியது மே 12. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது மார்ச் 14. நடுவில் 59 நாள் இருந்தது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய அந்த நாளில், திருத்தம் இரண்டு மாதமாகக் கையில்தான் இருந்தது. அதனால் சாதாரண மாதத்தில் மூன்று வாரம் என்பது என் வரம்பு. ஆனால் ஓர் ஓட்டையை ஏற்கெனவே தாக்குகிறவர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிலோ, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கையிலோ பார்த்தால் இந்த வரிசையைச் சுருக்கி, முதல் குழுவுக்கு அரை நாள், மற்றவர்களுக்கு அடுத்த இரவு என்று முடித்துவிடுகிறேன். அந்த முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேலாளரைத் தேட முடியாது.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சின்னக் கோப்பு எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. அதனால் உங்கள் ஆண்டிவைரஸிலும் குழு பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இதே ஆறு கம்ப்யூட்டரை அங்கேயும் முதல் குழுவாக வையுங்கள். அன்று பல இடங்களில் மீட்க முடியாமல் திணறியதற்குக் காரணம் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாதது. எங்களுடைய எண்களை டொமைனில் (எல்லாக் கம்ப்யூட்டரின் கணக்குகளையும் வைத்திருக்கும் சர்வரில்) சேமித்ததோடு, அச்சிட்டு நகை லாக்கர் அறையிலும் வைத்திருக்கிறோம். டொமைன் சர்வரே விழுந்துவிட்டால் காகிதம்தான் துணை.

நேரமும் நாட்காட்டியும்

எங்கள் ஊர்க் கிளைகளில் மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைப்பதோடு சுவரில் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். கரண்ட் பில் பயம், இடி பயம் இரண்டும் உண்டு, இரண்டும் நியாயமானவை. ஆனால் இரவு 8 மணிக்கு அப்டேட் என்று வைத்தால் அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? காலையில் போட்டதும் விட்டதைத் தொடரப் பார்க்கும். களக்காட்டின் மற்ற பாதி இது.

நாங்கள் செய்தது எளிமையானது. மாதத்தில் ஒரே ஒரு மாலை, அந்தக் கிளையின் முறை வரும் நாள், நேரம் 6.15. மதியமே ஒரு மஞ்சள் அட்டையை மானிட்டரில் ஒட்டுவார்கள்: "இன்று இரவு அணைக்க வேண்டாம்." பெருக்க வரும் அம்மாவிடமும் நேரில் சொல்லிவிட வேண்டும், சுவிட்சை அணைப்பது பெரும்பாலும் அவர்தான். அவர்களிடம் காரணத்தைச் சொன்ன பிறகு ஒரு மாதமும் தவறியதில்லை. மறுநாள் காலை 8.30-க்கு நாங்கள் கன்சோலைப் பார்த்து, மறுதொடக்கம் பாக்கி உள்ளதைக் கிளை திறக்கும் முன்பே முடித்துவிடுகிறோம்.

டபிள்யூசஸில் அனுமதி கொடுக்கும்போது கெடு தேதி வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. கெடு தாண்டிய கம்ப்யூட்டர், ஆள் வேலை செய்துகொண்டிருந்தாலும் நிறுவி மறுதொடக்கம் செய்துவிடும். கவுண்டர் கம்ப்யூட்டருக்கு நான் அதை வைப்பதில்லை.

பிறகு, வருட நாட்காட்டியில் அப்டேட் போடாத நாட்களைக் குறியுங்கள். எங்களுக்கு ஜூன் முதல் பாதியில் கார் நடவு, புரட்டாசி ஐப்பசியில் பிசான நெல் பருவம், தீபாவளிக்கு முந்திய வாரம், மார்ச் கடைசி. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்பதையும் பேப்பரில் பார்த்து, அந்த நாளையும் அதற்கு முந்திய மாலையையும் தவிர்க்கிறோம். பாதி அப்டேட்டில் யூ.பி.எஸ். தீர்ந்தால் டிஸ்க்கே போகலாம். 2023 டிசம்பரில் இரண்டாவது செவ்வாய் 12-ஆம் தேதி வந்தது. முதல் குழு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வெள்ளம் வந்துவிட்டது. அந்த மாதத்தை அப்படியே நிறுத்தி ஜனவரியோடு சேர்த்துப் போட்டோம். மாத அப்டேட் முந்தையதையும் சேர்த்தே கொண்டுவருவதால் அதில் இழப்பு இல்லை. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்று அதிகாலையில் சர்வர் வேலையை முடித்துவிட்டு டவுனுக்குப் போய் வடம் தொட்டுவிட்டு வருகிறேன்.

சர்வரைச் சுத்தமாக வைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை, புதியது வந்து பழையதாகிப்போன அப்டேட்களை நிராகரித்து, கிளீனப் விஸார்டை ஓட்டுங்கள். ஒரு வருடம் விட்டுவிட்டுப் பிறகு ஓட்டினால் பாதியில் நிற்கும்.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ் தவிர மற்ற பிரவுசர்கள், வெளி நிறுவனங்களின் பி.டி.எஃப். மென்பொருள், கணக்கு மென்பொருள் எதுவும் டபிள்யூசஸில் தானாக வராது. பிரவுசர்களைத் தானாகப் புதுப்பிக்க விட்டுவிட்டோம், அதைத் தடுப்பதில் ஆபத்துதான் அதிகம். ரவுட்டர், ஃபயர்வால், கேமரா டி.வி.ஆர். ஆகியவற்றுக்கு நோட்டில் தனிப் பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால்.

ஏதாவது ஓர் அப்டேட் கெடுத்துவிட்டால் மற்றக் குழுக்களுக்கு அனுமதியை உடனே நிறுத்துங்கள், பிறகு பாதித்த கம்ப்யூட்டரில் அதை நீக்குங்கள். விண்டோஸே திறக்காவிட்டால் மீட்புத் திரையில் "கடைசித் தர அப்டேட்டை நீக்கு" என்ற வழி உண்டு. இதை நல்ல நாளில் ஒருமுறை செய்து பழகுங்கள். தம்பியும் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் மூன்று முறை செய்து பார்த்தோம், கிளை ஊழியருக்குப் போனில் சொல்லும்படி ஒரு பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறோம்.

கடைசிக் குழு முடிந்த மறுநாள் இரண்டு எண்களைப் பார்க்கிறேன். நோட்டில் 96 இருந்தால் கன்சோலிலும் 96 இருக்க வேண்டும். அடுத்து, 7 நாளாகச் சர்வரைத் தொடாத கம்ப்யூட்டர் எத்தனை. போன மாதம் அப்படி இரண்டு இருந்தன. ஆலங்குளத்தில் ஒன்று கீபோர்டு கெட்டு மூலையில் கிடந்தது. சங்கரன்கோவிலில் இன்னொன்றை மேலாளர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். "நாளைக்குக் கொண்டாந்துர்றேன் அண்ணாச்சி" என்றார், மறுநாள் காலை அது கன்சோலில் வந்துவிட்டது.